நீலத் திரையும் ரோஸ் கலர் சுவரும்

உங்கள் கம்ப்யூட்டர் உங்களைப் பார்த்து எப்போதாவது முகம் சுளித்திருக்கிறதா?

என்னுடையது சுளித்தது. தீபாவளி முடிந்த அடுத்த வாரம். காலையில் தேநீர்க் கோப்பையோடு போய் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். ‘அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்றது. சரி, அணைக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை நான். சதவீதம் ஏறியது… நின்றது… மறுபடி ஏறியது. தேநீர் ஆறிப்போனது. பிறகு திடீரென்று திரை முழுக்க நீலம். மூலையில் ஒரு சோக முகம். ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரச்சினை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

‘ஐயோ!’ என்று நான் போட்ட சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது தெரியும். பல்லிக்குப் பயம். பாங்கில் கையெழுத்துப் போடப் பயம். பண்டாரவளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பயம் — பள்ளம் தெரியுமே! ஆகவே, ஒரு கம்ப்யூட்டர் கெட்டதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். கையிலிருந்த பேப்பரைக்கூட இறக்காமல் கேட்டார்.

“அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுங்களா?” என்றேன்.

“நீ எழுதினதெல்லாம் இருக்கும். போனா போகுது, திரும்ப எழுதிக்க.”

“சுவர் இருக்குங்க. அக்கா வீட்டுச் சுவர்.”

பேப்பரை மடித்து வைத்தார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவகாமி அக்கா என் பெரியம்மா மகள். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலைச்சரிவை ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகள்கொண்ட லயத்தில் கடைசி வீடு அவளுடையது. பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க இடமிருக்கும், அவ்வளவுதான். போன வருட மழையில் அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு விட்டது. மயிரிழை மாதிரி. லயத்தில் வெடிப்பில்லாத சுவர் எங்கே இருக்கிறது? அதனால் யாரும் கவலைப்படவில்லை. நான் பட்டேன். அதுதானே என் தொழில்!

அக்கா மகள் கவிதா தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். “மாசா மாசம் அந்த வெடிப்ப ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பும்மா. பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வச்சு எடு, அப்பத்தான் அளவு தெரியும்” என்றேன்.

“சரிங்க சித்தி” என்றாள். சொன்னபடியே தவறாமல் அனுப்பினாள். அவள் போனில் இடம் கிடையாது, அனுப்பியதும் அழித்துவிடுவாள். என் போனிலும் இடம் கிடையாது. வந்த படத்தைப் பார்த்து ‘ம்…’ என்று ஒரு பெருமூச்சு விட்டு, கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, நானும் அழித்துவிடுவேன். இரண்டு பேருமே வீட்டையும் போனையும் துப்புரவாக வைத்துக்கொள்கிறவர்கள்.

இதற்கிடையில் தீபாவளி வந்தது.

எங்கள் மலையகத்தில் தீபாவளி என்றால் பலகாரம் அப்புறம்தான். முதலில் பெயிண்ட். கூரைத் தகரம் ஒழுகட்டும், தரை பெயர்ந்து கிடக்கட்டும், சுவர் மட்டும் பண்டிகைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும். லயம் முழுக்க அந்த வாரம் பெயிண்ட் வாசம்தான். பக்கத்து வீட்டுக்காரர் பச்சை அடித்தால் நாம் மஞ்சளாவது அடிக்காமல் இருப்பது எப்படி? அக்கா வீட்டு அத்தான் அந்த வெடிப்புக்குள் சீமெந்தைத் திணித்து, மட்டம் பிடித்து, மேலே ரோஸ் கலர் அடித்துவிட்டார். கவிதா அதையும் படம் எடுத்து அனுப்பினாள். ‘சித்தி, வெடிப்பு போயிருச்சு!’ பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

பட்டாசு ஓய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மண்சரிவைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று பெரட்டில் — காலையில் எல்லோரையும் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் — அறிவித்தார்கள். வந்து பார்த்து, லயத்தில் தொடர்ந்து இருக்கலாமா, எழும்பிப் போக வேண்டுமா என்று அவர் சொல்வார். அவருக்குப் பார்க்க வேண்டிய மலைகள் நிறைய. இந்த லயத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வருவார்.

என் கம்ப்யூட்டர் முகம் சுளித்தது, அவர் வருவதற்கு முதல் நாள்.

இப்போது புரிகிறதா என் ஆர்ப்பாட்டம்? அவர் வந்தால் என்ன பார்ப்பார்? அழகான ரோஸ் கலர் சுவர். அதற்குள் என்ன இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி, என் மேசையில் நீலமாக நிற்கிற இந்தப் பெட்டி.

அணைத்துப் போட்டேன். ‘தானாகப் பழுதுபார்க்கிறேன்’ என்றது. வட்டமாகச் சுழன்றது. ‘பழுதுபார்க்க முடியவில்லை’ என்றது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி அதே சுழற்சி, அதே கைவிரிப்பு. கடைசியில் ஒரு பட்டியலைக் காட்டியது. அதில் ‘கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு’ என்று ஒரு கட்டம். அப்பாடா! மவுஸைப் பிடித்து நகர்த்தினேன்.

அம்புக்குறி நகரவில்லை.

கீபோர்டைத் தட்டினேன். அதுவும் செத்துக் கிடந்தது. வயரை உருவி முன்னால் செருகினேன், பின்னால் செருகினேன், ஊதிவிட்டுச் செருகினேன். நீக்கு என்ற கட்டம் கண்ணெதிரே இருக்கிறது, தொட வழியில்லை. பிள்ளையாரப்பா என்று கும்பிட்டும் பார்த்தேன். அவருக்கும் மவுஸ் வேலை செய்யவில்லை போலும்.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

“என்னா தங்கச்சி, அந்தப் போட்டோவெல்லாம் எடுத்துட்டியா? நாளைக்கு வர்றப்ப மறக்காம கொண்டாந்துரு.”

“எடுத்துர்றேன்க்கா” என்றேன். “அங்க மழ எப்பிடி?”

“விட்டு விட்டு பெய்யுது. பீலித் தண்ணிதான் காலையிலருந்து செவப்பா வருது. புள்ளைங்களுக்குக் குடிக்கக் குடுக்க முடியல.”

லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய ஊற்றுத் தண்ணீர் அது. எந்த மழையிலும் கண்ணாடியாக வரும் தண்ணீர்.

“அக்கா, அது சரியில்லக்கா. மலைக்குள்ள மண்ணு அசையுது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருங்க. இப்பவே.”

“நீ சும்மா இரு. போன வருசம் நீ சொன்னேன்னுதான் பாய், தலகாணியெல்லாம் தூக்கிக்கிட்டு ஸ்கூல்ல போய்ப் படுத்தோம். என்னா நடந்துச்சு? ஒண்ணுமில்ல. லயமே சிரிச்சிச்சு. ஒங்க அத்தானுக்கு ‘ஸ்கூல் மாணிக்கம்’னு பேரே வச்சுட்டானுங்க. அதிகாரி வந்து சொல்லட்டும். அவுங்க சொன்னா எல்லாரும் வருவாங்க. நான் சொன்னா யாரு வருவா?”

நியாயமான கேள்விதான். பயந்தாங்கொள்ளித் தங்கச்சியின் பேச்சைக் கேட்டு ஒரு தடவை கேலிக்கு ஆளானவள், இன்னொரு தடவை எப்படிக் கிளம்புவாள்?

பெட்டியைக் கழற்றி, உரப் பைக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பதுளை பஜாருக்குப் போனேன். ரியாஸ் நானாவின் — முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம் — கம்ப்யூட்டர் கடை அங்கேதான். அவருடைய பிள்ளைகளுக்கு நான் கற்பித்ததால் ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு நான் டீச்சர்தான். நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

“இந்த வாரம் இதே கேஸ்ல நாலஞ்சு பேர் வந்துட்டாங்க டீச்சர். ஒண்ணுக்கும் பயப்பட வேணாம். ஃபோமட் பண்ணிட்டுப் புதுசா போட்டா பளபளன்னு வரும்.”

“உள்ள இருக்கிறது?”

“அது போயிரும்.”

பளபளன்னு வரும், உள்ளே இருப்பது போய்விடும். எனக்கு அந்த ரோஸ் கலர்தான் ஞாபகம் வந்தது.

“வேணாம் நானா! தொட்டுறாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்திருந்தவர் போனைக் கீழே போட்டுவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். சுவர், தீப்பெட்டி, செவப்புத் தண்ணீர், நாளை வரப்போகும் அதிகாரி எல்லாவற்றையும். நானாவின் முகம் மாறியது. அவருடைய மச்சான் வீடும் இப்படி ஒரு மலைக்குக் கீழேதான்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் போடலாமா என்று பார்த்தார். இது சிப் மாதிரி இருக்கிற புது வகை டிஸ்க், அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும், இருந்ததை நேற்றுத்தான் விற்றேன் என்றார். கொழும்பிலிருந்து நாளை பஸ்ஸில் வருமாம். நாளை வந்து என்ன செய்ய? கடையிலிருந்த கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் செருகிப் பார்த்தார். ஒன்றுக்கும் அந்தப் பட்டியல் அசையவில்லை. போனை எடுத்து, ஊர் உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று தேடினார்.

“டீச்சர், இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். இந்த அப்டேட்டுக்குப் பொறவு ரிப்பேர் பக்கத்துல இப்ப உள்ள கீபோர்டு ஒண்ணும் வேல செய்யாதாம். அந்தக் காலத்து வட்டப் பின் கீபோர்டு போட்டா வேல செய்யுதாம். ஒங்க மிஷின்ல அதுக்கு ஓட்டையும் இரிக்கு.” பிறகு கையை விரித்தார். “ஆனா அதுக்கு இப்ப எங்க போறது? என்கிட்ட இருந்ததையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டேன்.”

“எங்க வீட்டுச் சாமி அறையில இருக்கு” என்றேன்.

நானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அது வேறொன்றுமில்லை. ஆயுத பூஜைக்கு ஒரு வருடம் கீபோர்டுக்குச் சந்தனம் வைத்தேன். சந்தனம் எழுத்துகளுக்கிடையே இறங்கி, ‘க’ அடித்தால் ‘க’ வராமல், வீட்டுக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து புதுக் கீபோர்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு. பூஜைக்கென்றே பழைய கீபோர்டு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வேலை கிடையாது, வருடத்துக்கு ஒரு தடவை பொட்டு மட்டும் உண்டு.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். “சாமி கீபோர்ட எடுத்துக்கிட்டு ஓடி வாங்க.” மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். இந்த வருடத்துக் குங்குமம் அப்படியே இருந்தது. ரியாஸ் நானா அதைத் துடைக்காமல், பொட்டில் விரல் படாமல், மெதுவாகச் செருகினார்.

கீழ்நோக்கிய அம்பு விசையைத் தட்டினார். பட்டியலில் வெளிச்சம் ஒரு கட்டம் இறங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

‘கடைசி அப்டேட்டை நீக்கு.’ தட்டினார். சுழல ஆரம்பித்தது. இந்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க டீச்சர்” என்றார்.

கரண்ட் போனது.

மழை மூட்டத்தில் பஜார் கடைகளெல்லாம் பகலிலேயே இருண்டுபோயின. யூபிஎஸ் ‘கீக்… கீக்…’ என்று கத்தியது. பழைய யூபிஎஸ், அதிக நேரம் தாங்காது. நானா சட்டென்று மொனிட்டரை அணைத்தார். இருக்கிற கரண்ட் பெட்டிக்கு மட்டும் போகட்டும் என்று. இனி உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருட்டில் மூன்று பேரும் அந்தப் பெட்டிக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். வெளியே மழை. தகரத்தில் விழுகிற மழை. அதே மழைதான் அங்கே அக்கா வீட்டுக்குப் பின்னாலும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை. யூபிஎஸ் கத்துகிற வேகம் கூடியது. 

“பக்கத்துப் பார்மசியில ஜெனரேட்டர் இரிக்கு!” நானா வயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜன்னல் வழியாக வயர் இந்தப் பக்கம் வந்தது. வீட்டுக்காரர் யூபிஎஸ்ஸை அதில் தடவித் தடவிச் செருகினார். கத்தல் நின்றது. ஃபேன் சத்தம் நிற்கவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் விலையைக் கேட்டு அந்தப் பார்மசியை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இனித் திட்ட மாட்டேன்.

மொனிட்டரைப் போட்டதும் என்னுடைய பழைய திரை வந்தது. குப்பை மாதிரி சிதறிக் கிடக்கும் ஃபோல்டர்கள். அவற்றை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

‘அக்கா சுவர்’ என்ற ஃபோல்டரைத் திறந்து, நானா படங்களை வரிசையாகத் தட்டினார். முதல் படத்தில் தீப்பெட்டிதான் பெரிதாகத் தெரிந்தது, வெடிப்பு பென்சில் கோடு. அடுத்ததில் கோடு கொஞ்சம் தடித்திருந்தது. அதற்கடுத்ததில் ஒரு தீக்குச்சி போகலாம். அப்புறம் ஒரு விரல். வெடிப்பைக் காட்டுகிற கடைசிப் படத்தில், பெயிண்ட் அடிப்பதற்குச் சற்று முன் எடுத்ததில், தீப்பெட்டியைக் காணவில்லை.

“இதுல தீப்பெட்டி வைக்க மறந்துட்டாங்க போல” என்றார் நானா.

வீட்டுக்காரர் குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். தீப்பெட்டி வெடிப்புக்குள் இருந்தது.



இதெல்லாம் என் போனுக்கு வந்த படங்கள்தானே? ஒவ்வொன்றையும் பார்த்து ‘ம்…’ கொட்டியவள் நான்தானே? மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்தபோது தெரியாதது, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது தெரிந்தது. பயப்படுவது வேறு, பார்ப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் வருடம் முழுக்கப் பயந்திருக்கிறேன், பார்க்கவில்லை.

அதிகாரி வரும்வரை பொறுத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை படங்களையும் வரிசை மாறாமல் கவிதாவுக்கு அனுப்பினேன். ‘லயத்துல எல்லாருக்கும் காட்டு. இப்பவே காட்டு.’ பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. கடை வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவாக இன்னும் கொஞ்ச நேரம்தான் மிச்சம்.

பிறகு அக்காவின் குரல்.

“தங்கச்சி… இது நம்ம சுவரா?”

“ஆமாக்கா.”

“இவ்வளவாவா இருந்துச்சு? தெனம் அதுக்குப் பக்கத்துலதானே தலய வச்சுப் படுத்தேன்… எனக்குத் தெரியலயே.”

பின்னால் அத்தானின் சத்தம் கேட்டது. லயத்து ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாயை எடுங்க, புள்ளைங்களத் தூக்குங்க, ஆட்ட அவுத்து விடுங்க. வெளிச்சம் போவதற்குள் லயமே ஸ்கூலுக்குப் போய்விட்டது. ‘இந்தத் தடவ யாரும் சிரிக்கல சித்தி’ என்று கவிதா எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை நானும் வீட்டுக்காரரும் போய் இறங்கியபோது அதிகாரி மிஸ் எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். மழைக்கோட்டு போட்ட சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் பேசினார். படங்களைத் திறந்து போனை நீட்டினேன். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தவர், தீப்பெட்டி உள்ளே கிடந்த படத்தில் நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார்.

“எந்தச் சுவர் இது?” என்று கேட்டார்.

அக்கா கையை நீட்டிக் காட்டினாள். அங்கே சுவர் இல்லை. லயத்தின் கடைசி வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் வாசல்வரை இறங்கிக் கிடந்தது. வளைந்த தகரம் ஒன்று அதற்குள்ளிருந்து துருத்திக்கொண்டிருந்தது. விடியுமுன் இறங்கியிருக்கிறது. ஆட்டுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

“தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடிச்சோம் மிஸ்” என்றாள் அக்கா. “நல்லாத்தான் இருந்துச்சு.”

அதிகாரி மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அது ஜில்லென்றிருந்தது. 

அந்தக் குடும்பங்கள் இன்னும் ஸ்கூலில்தான் இருக்கின்றன. புது வீடு எப்போது என்று கேட்டால், பிறகு பார்ப்போம் என்கிறார்கள். அந்த லயத்துக்கு மேல் இன்னும் ஒரு லயம் இருக்கிறது. அங்கேயும் சுவர்கள் பளிச்சென்று இருக்கின்றன. உங்கள் வீட்டில் இந்தத் தீபாவளிக்குப் பெயிண்ட் அடித்தீர்களா? அடிப்பதற்கு முன் சுவரைப் பார்த்தீர்களா?

என் கம்ப்யூட்டர் இப்போது நலம். பொட்டு வைத்த கீபோர்டு சாமி அறைக்குத் திரும்பிவிட்டது. தினமும் காலையில் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. ‘அப்டேட் தயார். இப்போதா, பிறகா?’ நான் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டராவது கேட்கிறது. மலை கேட்பதில்லை.